உங்களுக்குத் தெரியுமா? சூடு அவிழ்க்கும் முடிச்சு

◆ ஓட்டப்பிடாரம் கரிசலில் விளையும் பருத்தியில் ஒரு இழையை உருவிப் பாருங்கள். நீளம் ஓர் அங்குலம் தேறினால் அதிகம். அந்த அங்குல இழைகளைக் கொண்டுதான் மைல் கணக்கில் நூல் நூற்கிறார்கள். பசை கிடையாது, ஒட்டும் கிடையாது. முறுக்கு ஒன்றுதான் பிடிமானம். முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் நூல் மறுபடியும் பஞ்சாகிவிடும். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908-ல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு முன்நின்றார். அந்தத் தொழிலாளர்கள் நாள் முழுக்கச் செய்த வேலை இந்த முறுக்குதான். இந்த இதழில் சொல்லப்போவதும் ஒரு முறுக்கைப் பற்றித்தான். அது தண்ணீருக்குள் நடப்பது, கண்ணுக்குத் தெரியாதது. கடல்பாசி ஜெல்லியைக் கட்டியாக்குவது அதுதான்.

◆ ஒரு டம்ளர் கடல்பாசி ஜெல்லியில் பாசியின் பங்கு எவ்வளவு? 100 மில்லி தண்ணீருக்கு ஒரு கிராம் அகர் போதும், வெட்டித் துண்டு போடுகிற அளவுக்குக் கட்டியாகிவிடும். மீதி 99 பங்கும் தண்ணீர். டம்ளரைக் கவிழ்த்தாலும் அந்தத் தண்ணீர் கீழே விழாது.

◆ நம் வீட்டில் ‘கடல்பாசி’, மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’, ஆய்வகத்தில் ‘அகர்’. மூன்றும் ஒரே பொருள். ‘அகர் அகர்’ என்பது மலாய்ச் சொல்.

◆ காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நோன்பு மாதம் வந்தால் கடல்பாசி இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. கொதிக்கும் தண்ணீரில் பாசியைக் கரைத்து, சீனியோ பாலோ இளநீரோ சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்துவிடுவார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலும் தட்டில் ஊற்றிய பாசி அப்படியே உறைந்துவிடும். காரணம், அது உறைவதற்குக் குளிர் தேவையில்லை. 40 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கினால் போதும்.

◆ ஒரு மீன் வலையை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் தனியாகக் கிடந்தால் அது வெறும் நூல். ஊடே ஊடே முடிச்சுப் போட்டால்தான் வலை. ஜெல்லியும் ஒரு வலைதான். நீளமான சங்கிலி மூலக்கூறுகள், அதாவது பாலிமர்கள், அதற்கு நூல். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற இடங்களைக் குறுக்குப் பிணைப்பு என்கிறோம். அவைதான் முடிச்சு. கண்ணிகளுக்குள் சிக்கிய மீன்தான் தண்ணீர்.

முடிச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று இறுகிப் போனது. அணுவும் அணுவும் எலெக்ட்ரானைப் பங்கிட்டுக்கொண்டு கெட்டியாகப் பிடித்தவை. அறுத்தால்தான் போகும், அவிழாது. மற்றது உருவு சுருக்கு. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கும், இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்தால் அவிழும். முதல் வகையை வேதியியல் பிணைப்பு என்றும் இரண்டாவதை இயற்பியல் பிணைப்பு என்றும் சொல்வார்கள். கடல்பாசியின் முடிச்சுகள் எல்லாமே இரண்டாம் வகை. அதனால்தான் உறைந்த ஜெல்லியை மறுபடி கொதிக்க வைத்தால் தண்ணீராகிறது, ஆற வைத்தால் மீண்டும் ஜெல்லியாகிறது.

◆ இரண்டு முடிச்சுக்கும் பலத்தில் எவ்வளவு வித்தியாசம்? இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். பாசிச் சங்கிலிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 கிலோஜூல் அளவே போதும். தனியாக நின்றால் அந்தப் பிணைப்பு கண் இமைப்பதற்குள் போய்விடும், தண்ணீரின் சாதாரண ஆட்டமே அதைத் தட்டிவிட்டுவிடும். ஆனால் சங்கிலியின் நீளத்துக்கு வரிசையாகப் பல பிணைப்புகள் ஒரே நேரத்தில் கைகோத்தால் கதை வேறு. ஒன்று விட்டாலும் பக்கத்தில் உள்ளவை பிடித்திருக்கும். விட்டது மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும். பனைநாரை ஒவ்வொன்றாக இழுத்தால் அறுந்துவிடும். திரித்த கயிறு கட்டிலையே தாங்குகிறது.

◆ இனி அந்த முறுக்குக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அகரில் கட்டியாகும் பகுதிக்கு அகரோஸ் என்று பெயர். இரண்டு விதச் சர்க்கரை அலகுகள் மாறி மாறி வரும் சங்கிலி அது. கொதிநீரில் ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனியே நெளிந்துகொண்டிருக்கும். சூடு தணியத் தணிய நெளிவின் வேகம் குறையும். 40 டிகிரியை நெருங்கும்போது இரண்டு இரண்டு சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி இரட்டை முறுக்காகின்றன. இந்த முறுக்கு இடப்பக்கம் சுற்றுவது. நடுவில் இருக்கும் இடைவெளியில் தண்ணீர் மூலக்கூறுகள் உட்கார்ந்து முறுக்கைத் தாங்கிப் பிடிக்கின்றன. பிறகு இந்த இரட்டை முறுக்குகள் பல பக்கம் பக்கமாகச் சேர்ந்து கட்டுக் கட்டாக நிற்கின்றன. ஜெல்லியின் முடிச்சு என்பது இந்தக் கட்டுதான். டேவிட் ரீஸ், ஸ்ட்ரூதர் ஆர்நாட் முதலியோர் எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்து அகரோஸின் இந்த இரட்டை முறுக்கை 1974-ல் விவரித்தார்கள். உயிரின் மரபுச் சங்கிலிக்கு இரட்டை முறுக்கு உண்டு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இஃப்தார் தட்டில் கிடக்கும் ஜெல்லிக்கும் அது உண்டு என்பதைப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

◆ இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இரண்டு சங்கிலிகள் முனையிலிருந்து முனைவரை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டால் ஜோடிகள்தானே மிஞ்சும்? வலை எங்கிருந்து வரும்?

விடை, சங்கிலியில் இருக்கும் கோணல்களில் இருக்கிறது. அகரோஸ் சங்கிலியில் அங்கங்கே ஒரு சர்க்கரை அலகு வேறு உருவத்தில் இருக்கும், பெரும்பாலும் ஒரு சல்பேட்டைச் சுமந்துகொண்டு. அந்த இடத்தில் சங்கிலி மடங்கும். மடங்கிய இடத்தில் முறுக்கு தொடராது. ஆகவே சங்கிலி அந்த ஜோடியை விட்டுப் பிரிந்து கொஞ்ச தூரம் தனியே போய், வேறொரு சங்கிலியோடு அடுத்த முறுக்கைப் போடுகிறது. இப்படி ஒரே சங்கிலி நாலைந்து பேரோடு கைகோக்கும்போதுதான் வலை பின்னப்படுகிறது. கோணலே இல்லாத சங்கிலிகள் என்றால் எல்லாம் ஜோடி சேர்ந்து அடியில் படிந்துவிடும். கோணல் மிகுந்துவிட்டாலோ எந்த முறுக்கும் நிலைக்காது, கஞ்சியாகத்தான் நிற்கும். நல்ல ஜெல்லிக்குக் கோணல் வேண்டும், அளவோடு வேண்டும்.

◆ அந்த ‘அளவோடு’ என்பதில்தான் நம் கடற்கரைப் பாசிகளின் தரமே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் அகர் தரும் பாசிகள் முக்கியமாக இரண்டு. மரிக்கொழுந்துப் பாசி ஒன்று, கஞ்சிப் பாசி மற்றொன்று. தாவரவியலார் முதலாவதை ஜெலிடியெல்லா அசெரோசா என்றும் இரண்டாவதை கிராசிலேரியா எடுலிஸ் என்றும் அழைக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து வரும் அகர் உறுதியானது. கஞ்சிப் பாசியின் அகரில் சல்பேட் கோணல் கூடுதல். அப்படியே காய்ச்சினால் ஜெல்லி தளர்வாகத்தான் வரும்.

இதற்கு ஆலைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காய்ச்சுவதற்கு முன்பு பாசியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாக்குவார்கள். காரம் அந்தச் சல்பேட்டைக் கழற்றி எடுக்கும். கழன்ற இடத்தில் சர்க்கரை அலகு தன்னைத் தானே மடித்துப் பூட்டிக்கொண்டு, முறுக்குக்கு ஏற்ற உருவத்துக்கு வந்துவிடும். கோணல் நிமிரும், ஜெல்லி இறுகும்.

◆ ‘கஞ்சிப் பாசி’ என்ற பெயரையே கவனியுங்கள். ராமநாதபுரம் கடலோரத்து மக்கள் அதைக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்திருக்கிறார்கள். லத்தீனில் ‘எடுலிஸ்’ என்றாலும் உண்ணத்தக்கது என்றே பொருள். இந்தப் பாசி இலங்கைக் கரையிலும் நிறைய. பழைய மருந்து நூல்களில் இதற்கு ‘சிலோன் மாஸ்’, அதாவது இலங்கைப் பாசி என்று பெயர். காய்ச்சினால் கூழாகும், ஆறினால் இறுகும் என்பது எந்த ஆய்வகமும் சொல்வதற்கு முன்பே இந்தக் கரையின் அடுப்படிக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவுக்கு நாம் இன்னும் உரிய மரியாதை கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

◆ இன்னும் இரண்டு பாசிப் பெயர்கள்: கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. பழுப்புப் பாசிகள். இவை தருவது அகர் இல்லை, அல்ஜினேட். அது சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கட்டியாகும். கொதிக்க வைத்தாலும் உருகாது. முடிச்சின் வகையே வேறு.

◆ கடல்பாசி உறைவது 40 டிகிரிக்குக் கீழே. அப்படியானால் 40-ஐத் தாண்டினால் உருகிவிட வேண்டுமே? உருகாது. 85 டிகிரி தாண்ட வேண்டும். தண்ணீருக்கு உறைவதும் உருகுவதும் ஒரே புள்ளியில். அகருக்கு இரண்டுக்கும் நடுவே 45 டிகிரி இடைவெளி. ஏன்? உறையும்போது இரண்டு சங்கிலிகள் சேர்ந்தால் முறுக்கு தொடங்கிவிடுகிறது. ஆனால் தொடங்கிய முறுக்கு சும்மா இருப்பதில்லை, மற்ற முறுக்குகளோடு சேர்ந்து கட்டாகிவிடுகிறது. அவிழ்க்க வேண்டுமென்றால் முதலில் கட்டைப் பிரிக்க வேண்டும், பிறகு முறுக்கைப் பிரிக்க வேண்டும். சேர்வது எளிது, பிரிவதற்குத்தான் கூடுதல் சூடு. அக்னி நட்சத்திரத்தில் ஓட்டப்பிடாரம் எவ்வளவு காய்ந்தாலும் தட்டில் வைத்த கடல்பாசி கலங்காமல் இருப்பது இதனால்தான்.

◆ இந்த 45 டிகிரி இடைவெளியை ஆய்வகத்தார் அழகாகப் பயன்படுத்துகிறார்கள். சிறுநீரையோ சளியையோ ‘கல்ச்சர்’ பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தால், கிருமியை வளர்ப்பது பெரும்பாலும் அகர் தட்டில்தான். ரத்தம் கலந்த அகர் வேண்டுமென்றால், கொதித்த அகரை 50 டிகிரி அளவுக்கு ஆற விட்டுப் பிறகு ரத்தத்தைச் சேர்ப்பார்கள். அந்தச் சூட்டில் அகர் இன்னும் தண்ணீராகவே இருக்கும், ரத்தம் வெந்து போகாது. கலந்து ஊற்றியதும் உறைந்துவிடும். அப்படி உறைந்த தட்டைக் கிருமி வளரும் 37 டிகிரியில் நாள் கணக்கில் வைத்தாலும் உருகாது.

◆ அகரை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தது ஓர் அடுப்படி. ஜெர்மனியில் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த மருத்துவர் வால்தர் ஹெஸ். அவர் மனைவி ஃபானி ஹெஸ், 1850-ல் நியூயார்க்கில் பிறந்தவர். கணவரின் ஆய்வில் உதவியாளர், கிருமிகளைப் படமாக வரைந்து தந்தவரும் அவரே. அப்போது கிருமி வளர்க்க ஜெலட்டின் பயன்படுத்தினார்கள். கோடைச் சூட்டில் அது உருகிவிடும். போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும். வெயில் காலத்திலும் உங்கள் ஜெல்லி மட்டும் எப்படி உருகாமல் இருக்கிறது என்று வால்தர் கேட்டார். அதில் போடுவது அகர் என்றார் ஃபானி. ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒரு டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது அது. நடந்தது 1881-ல். மறு ஆண்டு காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகக் கோக் அறிவித்தபோது அகரைக் குறிப்பிட்டார். ஃபானியின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1934-ல் ஃபானி இறக்கும்வரை அகரால் அவருக்கு ஒரு காசும் வந்ததில்லை. உலகமெங்கும் மருத்துவமனை ஆய்வகங்களில் இன்றும் அந்தத் தட்டு இருக்கிறது.

◆ ஆட்டுக்கால் சூப்பை இரவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காலையில் பாருங்கள், அல்வா மாதிரி ஆடும். அதுதான் ஜெலட்டின். எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கொதியில் பிரிந்து வருவது. கொலாஜன் மூன்று இழை முறுக்கு. கொதித்தால் மூன்றும் பிரியும், ஆறும்போது அங்கங்கே மறுபடி மூன்று மூன்றாய் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குகள் 30, 35 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும். நம் வாய்ச்சூடு 37. ஜெலட்டின் ஜெல்லி நாக்கில் பட்டதும் கரைவதும் கடல்பாசி பல்லுக்கு நறுக்கென்று நிற்பதும் இந்த வித்தியாசத்தால்தான்.

◆ குளிர்கடல் மீனின் ஜெலட்டின் நம் கடல் மீனுடையதைவிடச் சீக்கிரம் உருகிவிடும். விலங்கு வாழும் சூட்டுக்குத் தக்கபடிதான் அதன் கொலாஜன் முறுக்கின் உறுதியும் அமைந்திருக்கிறது. காட் போன்ற குளிர்கடல் மீனின் ஜெலட்டின் உறைய 10 டிகிரிக்கும் கீழே போக வேண்டியிருக்கும்.

◆ அன்னாசியும் கடல்பாசியும்: பச்சை அன்னாசியைப் போட்டால் ஜெலட்டின் ஜெல்லி உறையவே உறையாது. அன்னாசியில் உள்ள நொதி புரதத்தை அறுத்துவிடும். பப்பாளிக்கும் அதே குணம். கடல்பாசி புரதம் இல்லை, சர்க்கரைச் சங்கிலி. தாராளமாகப் போடலாம்.

◆ எலுமிச்சைச் சாற்றை மட்டும் பாசி கொதிக்கும்போது ஊற்றாதீர்கள். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் அறுபடுவது முடிச்சு இல்லை, நூலே அறுந்துவிடும். அறுந்த நூல் ஆறினாலும் சேராது. அடுப்பை அணைத்து, சற்று ஆறியபின் சேர்த்தால் பாதகமில்லை. சீனியையும் பாசி முழுக்கக் கரைந்த பிறகே போடுங்கள். முன்னதாகப் போட்டால் பாசிக்கு வேண்டிய தண்ணீரைச் சீனி பிடித்துக்கொள்ளும்.

◆ மறுநாள் ஜெல்லித் தட்டில் தண்ணீர் கசிந்து நிற்கிறதே, கெட்டுப்போய்விட்டதா? இல்லை. உறைந்த பிறகும் முறுக்குகள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டேதான் இருக்கும். வலை சுருங்கும்போது தண்ணீர் பிழிந்து வெளியே வருகிறது.

◆ இந்தக் கசிவை வைத்துத்தான் ஜப்பானியர் ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள். 1658 வாக்கில் மினோயா தரோசெமோன் என்ற விடுதிக்காரர் மிஞ்சிய பாசிக் கூழைக் குளிர்கால இரவில் வெளியே வைத்துவிட்டாராம். இரவில் பனியாக உறைந்து, பகலில் உருகி, தண்ணீரெல்லாம் வடிந்து, காய்ந்த வெள்ளைச் சக்கை மிஞ்சியதாம். அதைக் கொதிக்க வைத்தால் மறுபடி ஜெல்லி. இது அவர்கள் சொல்லிவரும் கதை. ஆனால் முறை இன்றும் அதுதான். ஜெல்லியை உறைபனியாக்கி, உருக விட்டு, வெயிலில் காய வைத்தால் தண்ணீரோடு உப்பும் நிறமும் போய்விடும், முறுக்குக் கட்டுகள் மட்டும் நிற்கும். மளிகைக் கடைப் பொட்டலத்தில் வெள்ளை இழையாக வருவது அதுதான்.

◆ எல்லா முடிச்சையும் சூடு அவிழ்ப்பதில்லை. தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளை, சீனி, முந்திரி. முட்டை வெள்ளையை அடித்து நுரையாக்கி, மெல்லிய சூட்டில் வைக்கும்போது புரதங்கள் விரிந்து ஒன்றோடொன்று பிணைந்துவிடும். அதில் இறுகிய முடிச்சுகளும் உண்டு. சூடுதான் அங்கே முடிச்சுப் போடுகிறது. ஆற வைத்து மறுபடி சூடாக்கினாலும் மக்ரூன் முட்டை வெள்ளையாகத் திரும்பாது. சைக்கிள் டயரும் அப்படியே. 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சூடாக்கிப் போட்ட முடிச்சு அது. தேய்ந்த டயரை உருக்கிப் புது டயர் வார்க்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் அந்த முடிச்சுதான்.

◆ ரப்பர் போலவே வளையும் சில செருப்பு அடிகளை மட்டும் உருக்கி மறுபடி வார்க்கலாம். அந்தச் சங்கிலிகளின் இரண்டு முனைகளும் பாலிஸ்டைரீன், நடுப்பகுதி ரப்பர். முனைகள் ஒன்று கூடிச் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளாகக் கெட்டிப்படும். அவைதான் அங்கே முடிச்சு. 100 டிகிரி வாக்கில் மணிகள் இளகிவிடும். சாலைத் தாரில் கலக்கும் பாலிமர்களிலும் இந்த வகை உண்டு.

◆ கரிசல் காட்டுக் கம்மங்கூழுக்கு வருவோம். சுடச்சுட இளகலாக இருக்கும், ஆறினால் உருண்டை பிடிக்கலாம். மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு வகைச் சங்கிலிகள். ஆறும்போது இரண்டுமே இரட்டை முறுக்குப் போடுகின்றன. மறுபடி சூடாக்கினால் அமைலோபெக்டினின் முறுக்கு 60 டிகிரி அளவில் அவிழ்ந்துவிடும். அமைலோஸின் முறுக்குக்கு 100 டிகிரியும் போதாது. ஆகவே கூழ் பாதி இளகும், பாதி இளகாது. ஆறிய இட்லியை ஆவியில் வைத்தால் மென்மை திரும்புவதும் முதல் பாதியின் உபயம். அவிழாத அந்த மறுபாதி வயிற்றிலும் எளிதில் செரிக்காது. பெருங்குடலின் நல்ல கிருமிகளுக்கு அது இரையாகிறது.

◆ உப்பும் ஜெல்லியும் உறவினர்கள். ‘பெப்சிப் பாசி’ என்று நம் கரையில் ஒரு பாசி உண்டு. கப்பாபைகஸ் ஆல்வரேசி. வெளிநாட்டிலிருந்து 1980-களில் இந்தியாவுக்கு வந்தது, மண்டபம் பகுதியில் 1990-களில் வளர்த்துப் பார்த்தார்கள், 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் அந்தச் சாகுபடியில் இறங்கியதால் மக்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பார்கள். அது தருவது காராஜீனன். அகருக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் சல்பேட் அதிகம். சல்பேட்டுக்கு எதிர்மின் சுமை உண்டு. இரண்டு சங்கிலிகள் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளிவிடும். நடுவே பொட்டாசியம் வந்து நின்றால்தான் சண்டை தணியும், முறுக்கு கட்டாகும். நாம் சாப்பிடும் உப்பில் இருக்கும் சோடியம் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. தூத்துக்குடி அளங்களில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியத்தோடு பொட்டாசியமும் இருக்கிறது. உப்பையும் பாசியையும் ஆராய்வது ஒரே நிறுவனம் என்பது பொருத்தம்தான். பவநகரில் 1954-ல் தொடங்கிய மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அது. அதன் கிளை மண்டபத்தில் இருக்கிறது.

இதே பெப்சிப் பாசி குருசடைத் தீவில் பவளப்பாறைகள்மேல் படர்ந்து மூடியதையும் 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வருமானம் தருகிறது என்பதற்காக அதை மறைக்கக் கூடாது. வளர்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருக்க வேண்டும்.

◆ சூடாக்கினால் கட்டியாகி, ஆறினால் தண்ணீராகும் ஜெல்லும் உண்டு. மெத்தில் செல்லுலோஸ் என்பது அதன் பெயர். குளிரில் தண்ணீர் அதன் சங்கிலிகளைப் போர்த்தியிருக்கும். சூட்டில் அந்தப் போர்வை கழன்றதும் தண்ணீருக்கு ஒவ்வாத பகுதிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும்.

◆ எத்தனை முடிச்சு விழுந்தால் குழம்பு வலையாகும்? அமெரிக்க வேதியியலார் பால் ஃபுளோரி 1941-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்: சங்கிலிக்குச் சராசரியாக ஒரு பிணைப்பு என்ற எல்லையைத் தாண்டினால் போதும், பாத்திரத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மூலக்கூறு போல வலை பரவிவிடும். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நிற்கும். கடல்பாசி படிப்படியாக இறுகாமல் ஒரு நொடியில் ‘பிடித்துக்கொள்வது’ இதனால்தான். ஃபுளோரிக்கு 1974-ல் நோபல் பரிசு கிடைத்தது.

◆ அகரைச் சுத்தம் செய்து எடுக்கும் அகரோஸின் கண்ணி, தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. மரபணுத் துண்டுகளை நீளம் பார்த்துப் பிரிக்க அந்தச் சல்லடைதான் பயன்படுகிறது. சின்னத் துண்டு சீக்கிரம் ஓடும், பெரியது பின்தங்கும். மரபணு ஆய்வுக்கூடம் எதில் நுழைந்தாலும் ஒரு கடற்பாசியின் வலையைப் பார்க்கலாம்.

◆ இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அகர் வருவது நின்றது. மருத்துவமனைகள் திண்டாடின. நாடுகள் தங்கள் தங்கள் கடலில் அகர்ப் பாசியைத் தேடத் தொடங்கின. இந்தியாவிலும் 1940-களில் ஆராய்ச்சி நடந்தது. 1960-களில் மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பு வியாபாரமானது, மதுரைப் பக்கம் அகர் ஆலைகள் வந்தன. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்துச் சிப்பி குறைந்து, சலாபம் எனும் முத்துக்குளிப்பு நின்றுபோன அதே பத்தாண்டில்தான் இந்த வளைகுடாவில் பாசிக்கு விலை வந்தது.

◆ அந்தப் பாசியை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சேலைமேல் சட்டை, கண்ணில் கண்ணாடி, பாறை கீறாமலிருக்க விரல்களில் துணிச் சுற்று. மூச்சுக் கருவி கிடையாது. மூச்சைப் பிடித்து முங்கி, கையால் பறித்து, இடுப்புப் பையில் போட்டு மேலே வருவார்கள். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகள் இருந்தன. தூத்துக்குடிப் பக்கத்தில் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி. இவை 1986-ல் தேசியப் பூங்காவாயின. தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்கள் அதன்பின் அந்தத் தீவுகளில் கால் வைத்தால் குற்றம் என்றாயிற்று. கடலைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பெண்களே மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது, கருவி கொண்டு சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த எம். லட்சுமி, பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காகவும் கடலைக் கெடுக்காத பறிப்புக்காகவும் நின்றதற்காக 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசைப் பெற்றார். ஃபானிக்குக் கிடைக்காதது லட்சுமிக்குக் கிடைத்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

◆ 2023-ல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு சுமார் 127 கோடி ரூபாய். இத்தனை கோடியில் முங்கி எடுக்கும் கைகளுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

◆ மரிக்கொழுந்துப் பாசியை நுனியைக் கிள்ளி அடியை விட்டுவிட்டால் அது மறுபடி தழைக்கும். அடியோடு பிடுங்கினால், அதுவும் பவளக்கல்லோடு பெயர்த்தால், அந்த இடம் வெறும் பாறையாகிவிடும். அடுத்த முறை கடல்பாசிப் பொட்டலம் வாங்கும்போது அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நம் கரைப் பாசி இருந்தால் அதையே வாங்குங்கள். காய்ச்சி ஆற வைக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, தட்டைச் சாய்த்துக் காட்டி, அது ஓடாமல் நிற்கும் அந்த நொடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.